வாசித்தது உன் அப்பா அல்ல

மகனே,

நலம் விசாரித்து எழுதுகிற கடிதம் இல்லை இது. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் மாதா கோயிலில் என் கண்ணாலேயே பார்த்தேன். புதுச் சட்டை, புதுக் கண்ணாடி, மாமனாராகப் போகிறவர் பக்கத்தில் முதல் வரிசையில் இடம். உனக்கு என்ன குறையம்மா என்று நீ கேட்டு எழுத வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் இதை ஆபீசில் வைத்துப் பிரிக்காதே. பிரித்தால் பாதியில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வாய், உன்னை எனக்குத் தெரியும். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முழுதும் படி.

உன் மாமன் பெண்டாட்டிக்குப் பேறுகாலம் என்று முகையூருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். விழுப்புரம் வந்து நம் கோலியனூர் ரோட்டு வீட்டுக் கதவைத் திறந்தால் தையல் மிஷின் இருக்கிறது, மாதா படம் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஆர்மோனியப் பெட்டியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் மட்டும் தரை தூசியில்லாமல் சதுரமாகத் தெரிகிறது. திருடன் புகுந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். எதிர்வீட்டு அம்மாள் வந்து, உன் மகன்தான் குதிரை வண்டி வைத்து எடுத்துக்கொண்டு போனான், உன்னிடம் சொல்லவில்லையா என்று கேட்டாள். பிறகுதான் மிஷின் மேல் நீ வைத்திருந்த சீட்டைப் பார்த்தேன். 'அம்மா, பெட்டியை எடுத்துப் போகிறேன். உனக்கும் வயதாகிவிட்டது, இனிமேல் அதை யார் வாசிக்கப் போகிறார்கள். நல்ல இடத்தில் சேர்த்துவிடுகிறேன்.' எனக்கு வயது நாற்பத்திநாலுடா. உன் மாமனாருக்கு அறுபது தாண்டியிருக்கும். அவருடைய சைக்கிளை எடுத்து யாருக்காவது கொடுத்துவிட்டு, உங்களுக்கு வயதாகிவிட்டது என்று சீட்டு எழுதி வைத்துப் பார், தெரியும்.

அந்த நல்ல இடம் எது என்று பார்க்கத்தான் ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் ஏறித் திண்டிவனம் வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்தேன். சாமியார் உங்களுடைய கல்யாண ஓலையை இரண்டாவது ஞாயிறாக வாசித்தார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருப்பதாகத் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வழக்கம் போலச் சொன்னார். சொல்லிவிட்டு, மாப்பிள்ளை தன் தகப்பனார் ஞாபகமாக, அவர் வாசித்த ஆர்மோனியத்தை நம்முடைய கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்திருக்கிறார், அதற்கு நன்றி, வாசிக்கத்தான் நம்மிடம் ஆள் இல்லை என்றார். எழுந்து நின்று, சாமி, தடை இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் பெட்டியிடம் போனேன். பித்தளைத் தகடு அடித்து வைத்திருக்கிறாய். உன் அப்பா பெயர், கீழே 'அவர் இசைத்த பெட்டி' என்று. இசைத்தாராம். அந்த மனுஷனுக்கு ஸ எது, ப எது என்று சாகிற வரைக்கும் தெரியாது.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை என்பார்கள். நம் ஆட்கள் கிறிஸ்து வேதத்துக்கு வந்து எத்தனை தலைமுறை ஆனாலும் இந்தப் பழமொழி நம்மை விட்டுப் போகவில்லை, உன்னைப் போன்ற பிள்ளைகள் இருக்கிற வரைக்கும் போகாது. கோயிலுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது. ஏற்றி வைத்த மெழுகுவர்த்தியைக்கூட அணைத்து எடுத்து வர மாட்டோம். இது தெரிந்தேதான் கோயிலுக்குக் கொடுத்தாய். ஒரு சிநேகிதனுக்குக் கொடுத்திருந்தால் நான் போய்ச் சண்டை போட்டு வாங்கி வந்திருப்பேன். சாமியிடம் எப்படிச் சண்டை போடுவது?

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பெட்டியின் கட்டைகளை மூடியிருந்த துணியை விலக்கினேன், என்னை அறியாமல் விரல் கட்டைகளின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் பின்னால் வந்து நின்றிருக்கிறாள். விரல் உட்கார்ந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "அத்தே, உங்களுக்கு வாசிக்க வருமா?" என்று கேட்டாள். நல்ல பெண். பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. நான் உன்னைப் பார்த்தேன். நீ கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தாய். பக்கத்தில் உன் மாமனார் நிற்கிறார். கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது பெற்ற பிள்ளையைப் பொய்யனாக்கக் கூடாது என்று என் வாய் தானாகப் பேசியது. "இல்லம்மா, அவருதான் வாசிப்பாரு," என்றேன். உன் மாமனார் பெருமூச்சு விட்டு, அவர் இருந்திருந்தால் கல்யாணப் பூசைக்கு அவரே வாசித்திருப்பார், கொடுத்து வைக்கவில்லை என்றார். நீ ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டினாய். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ மறந்திருக்க மாட்டாய். மறந்த மாதிரி இருந்தால் வசதி என்று இருக்கிறாய். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். என் அப்பன் முகையூர்ப் பக்கம் அடுத்தவர் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கக் கூலிக்குப் போனவன். என்னைச் சிஸ்டர்கள் போர்டிங்கில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே தையலும் கோயில் பாட்டுக்கு ஆர்மோனியமும் கற்றேன். ஒரு தரம் கேட்டதை அப்படியே வாசிப்பேன். சிஸ்டர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைப்பதற்குள் நான் பாதி முடித்திருப்பேன், அதற்கு அடியும் வாங்கியிருக்கிறேன். கல்யாணமாகி விழுப்புரம் ரயில்வே லயன் வீட்டுக்கு வந்த பிறகு நான்கைந்து வருஷம் கட்டையைத் தொடவில்லை. அதைச் சொல்லிக்கூடக் காட்டவில்லை. உன் அப்பா எப்படியோ கண்டுபிடித்து, பாண்டிச்சேரியில் கலைந்துபோன ஒரு நாடகக் கம்பெனியிடமிருந்து அந்தப் பெட்டியை வாங்கி வந்தார். ஏழெட்டு ரீடு ஊமை. லோகோ ஷெட்டில் ஃபிட்டர் அல்லவா, பித்தளைத் தகட்டை நறுக்கி, அரத்தால் ராவி, ஒவ்வொன்றாக மாட்டி, சரியா, சரியா என்று என் முகத்தைப் பார்ப்பார். அவர் காதுக்கு எல்லாம் ஒன்றுதான். இந்த அளவுக்கு அந்தப் பெட்டி அவருடையது. அதை நான் மறுக்கவில்லை.

அந்த மெட்டு வந்தது நீ காலேஜில் முதல் வருஷம் படித்தபோது. ரயில்வே கார்டு பங்களாவில் இருந்த ஆங்கிலோ இந்திய மேபிள் அம்மாவுக்கு நான்தான் கவுன் தைப்பேன். அவளுடைய தம்பி வெளிநாட்டிலிருந்து சின்ன ரிக்கார்டு ஒன்று அனுப்பியிருந்தான். நான் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு கீழே உட்கார்ந்து கவுன் மடிப்பைப் பிடிக்கிறேன், அவள் அதைத் திரும்பத் திரும்பப் போடுகிறாள். பாட்டே இல்லை, வெறும் வாத்தியம். கீழே இடது கை ஒரே வரியை விடாமல் ஏற்றி இறக்குகிறது, திமிராக, யாருக்கும் அவசரப்படாமல். மேலே வலது கை நறுக்நறுக்கென்று வெட்டுகிறது. எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு சுற்று, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. கோயில் பாட்டில் அப்படி ஒரு கோபத்தை நான் கேட்டதில்லை. இது என்ன என்று கேட்டேன். அமெரிக்காவில் கறுப்பு ஆட்கள் வாசிப்பது, ரிதம் அண்ட் புளூஸ் என்று பெயர், அவர்களுடைய அப்பன் பாட்டன் எல்லாம் பருத்திக் காட்டில் கூலிகள் என்று சொன்னாள். அன்றைக்கு அந்தக் கவுனின் மடிப்பு கோணலாகப் போயிற்று. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைக்கும் முன் பெட்டியைத் திறந்தேன்.

கைப்பெட்டியில் அதை வாசிக்க முடியாது. ஒரு கை துருத்திக்குப் போய்விடும், அந்த மெட்டுக்கோ இரண்டு கையும் வேண்டும். நான் சலித்துக்கொண்டதைப் பார்த்து உன் அப்பா வந்து பெட்டிக்கு அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நீ வாசி, காத்து நான் குடுக்கறேன்," என்றார். ஷெட்டில் சம்மட்டி பிடித்த கை, தாளம் அவருக்கு எலும்பில் இருந்தது. அழுத்துகிற இடத்தில் அழுத்தி, விடுகிற இடத்தில் விட்டு, அந்தக் கீழ் வரியை மூச்சு விட வைத்தார். அந்த ரிக்கார்டில் இரண்டு கட்டைக்கு நடுவில் ஒரு சுரம் அழும், நம் பெட்டியில் அந்த இடமே கிடையாது. பக்கத்துப் பக்கத்துக் கட்டை இரண்டையும் ஒன்றாகத் தட்டி ஒன்றை மட்டும் சட்டென்று விட்டால் அந்த அழுகை கொஞ்சம் வந்தது. அதற்கு மூன்று மாதம் பிடித்தது. அவர் ஷிப்டு முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்போம். நீ லீவுக்கு வந்தால் வாசற்படியில் உட்கார்ந்து தொடையில் தட்டுவாய். தட்டினாயா இல்லையா?

இனி என் தப்புக்கு வருகிறேன். அதை ஒளிக்கப் போவதில்லை. ஒருநாள் மேபிள் அம்மா சத்தம் கேட்டு லயன் வீட்டுக்கே வந்துவிட்டாள். கதவைத் தட்டி, "யாரு மேன் இங்க வாசிக்கிறது?" என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். பின்னால் லயன் பெண்கள் பாதிப் பேர். அதில் ஒருத்தி, "பொம்பளயா வாசிக்கிறா, கிளப்புல ஆடுறவளாட்டம்?" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. மல்லாட்டைக் கூலியின் மகள், போர்டிங் படிப்பால் கொஞ்சம் மரியாதை சேர்த்து வைத்திருக்கிறேன், அது போய்விடுமே என்று பயம். அவருதான் வாசிக்கிறார், நான் துருத்தி போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தார். அன்றைக்கு அவர், இல்லை, அவள்தான் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. செத்துப்போனவர் என்பதற்காக அதைக் குறைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

பொய் சும்மா இருக்குமா? மேபிள் அம்மா போய், ரயில்வேக்காரர்கள் சாயங்காலம் கூடுகிற இன்ஸ்டிடியூட்டில் சொல்ல, கிறிஸ்துமஸ் மரத்து விழாவுக்கு உன் அப்பா வந்து வாசிக்க வேண்டும் என்று செக்ரட்டரி ஆள் அனுப்பிவிட்டார். பேஜாராகிவிட்டது. வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தோம். கையில் அடிபட்டுவிட்டது என்று சொல்லலாம் என்று யோசனை சொன்னது யார்? நீதான். பழைய வேட்டியைக் கிழித்து, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து ரத்தம் மாதிரி வைத்து, அவருடைய வலது கையில் கட்டுப் போட்டவன் நீ. சிரித்துச் சிரித்து உனக்கு விக்கலே வந்துவிட்டது. பாவம் அந்த மனுஷன், இரண்டு வாரம் அந்தக் கட்டோடு ஷெட்டுக்குப் போய் இடது கையால் ஸ்பானர் பிடித்தார். ஃபோர்மேன் இரங்கி லைட் டியூட்டி போட்டுக் கொடுத்தார். விழா அன்று சாயங்காலம் இன்ஸ்டிடியூட்டில் அதே ரிக்கார்டை மிஷினில் போட்டார்கள். நானும் அவரும் வேலிக்கு வெளியே நின்று கேட்டோம். எல்லோரும் வந்து அவருடைய கையைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். என் இரண்டு கையும் நன்றாக இருந்தன, அவற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கைக்கட்டை அவிழ்க்கும்போது உன் அப்பா, "இன்னொரு தபா இந்த மாதிரி என்னால ஆவாது," என்றார். அதற்குப் பிறகும் நாங்கள் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

ஆக, பொய்யை ஆரம்பித்தது நான். அதற்கு உன்னைத் திட்டவில்லை. ஆனால் நான் பயந்து சொன்னேன், நீ பெருமைக்குச் சொல்கிறாய். நான் ஒரு லயன் வாசலில் வாயால் சொன்னேன், நீ பித்தளையில் வெட்டிக் கோயிலில் அடித்துவிட்டாய். பெண் பார்க்கப் போன அன்றே என் தகப்பனார் சங்கீதம் தெரிந்தவர் என்று அளந்திருக்கிறாய், உன் மாமனாரே பெருமையாக என்னிடம் சொன்னார். அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டதற்கு, வீட்டில்தான் இருக்கிறார்கள், கொஞ்சம் தைப்பார்கள் என்றாயாம். அந்தக் கொஞ்சம் தையலில்தான் உன் காலேஜ் முடிந்தது. அவர் கைக்குக் கட்டுப் போட்டவன் நீ, அன்றைக்கு லயன் வீட்டில் வாசித்தது யார் என்று இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் கல்லறைக்குப் போய்விட்டார். நீயும் மறுத்தால், நான் வாசித்தேன் என்பதற்கு என்னைத் தவிர யாரடா சாட்சி?

இனிமேல் யார் வாசிக்கப் போகிறார்கள் என்று எழுதினாய் அல்லவா, கேட்டுக்கொள். உன் அப்பா போய், லயன் வீட்டைக் காலி செய்து இங்கே வந்த இந்த இரண்டு வருஷமாக நான் அந்த மெட்டை ஒரே கையால் வாசிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். இடது கை துருத்திக்கு. வலது கையில் கட்டை விரலால் கீழ் வரியைப் பிடித்துக்கொண்டு மற்ற நான்கு விரலால் மேலே வெட்ட வேண்டும். கை சின்னக் கை, எட்டாது. விரலிடுக்கு வீங்கிவிடும், வெந்நீரில் வைத்துக்கொண்டு மறுபடி உட்காருவேன். பன்னிரண்டில் எட்டுச் சுற்று கைக்கு வந்துவிட்டது. கடைசி நான்கில் கீழ் வரி மேலே தாவித் திரும்ப இறங்கும் இடம் மட்டும் நழுவுகிறது. மாதம் ஒரு தரம் நீ வரும்போது, அம்மா ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறாள் என்று பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வாயே, அது இதுதான். அந்த நான்கு சுற்று மிச்சம் இருக்கும்போதுதான் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். வயிறு எரிகிறதடா. தையல் மிஷின் பலகை மேல் விரலை வைத்துத் தினம் பழகுகிறேன். சத்தம் வராத பலகையில் தப்பு எது, சரி எது என்று எப்படித் தெரியும்?

கல்யாணம் ஆகப் போகிறவனுக்குத் தாய் சொல்ல வேண்டிய புத்தி என்று ஒன்று உண்டு, அதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்கு வருகிறவளுக்கும் ஏதாவது ஒன்று கை வந்திருக்கும். கணக்கோ, படமோ, வெறும் ஊறுகாயோ, எதுவாகவும் இருக்கட்டும். நாலு பேர் கேட்கும் இடத்தில் அது அவளுடையது என்று சத்தமாகச் சொல். அவள் வெட்கப்பட்டு இல்லை என்றாலும் நீ சொல். உன் அப்பா நல்லவர், அடித்ததில்லை, குடித்ததில்லை, என் விரலுக்காக ரீடு ராவினார். ஆனால் சொல்ல வேண்டிய அந்த ஒரு நாளில் சும்மா இருந்துவிட்டார். நல்லவர்கள் சும்மா இருப்பதால் வருகிற கேடு பெரிய கேடு. நீ அவ்வளவு நல்லவன்கூட இல்லை, அதனால் உனக்கு இது இன்னும் அவசியம். உன் பெண்டாட்டி விஷயத்தில் உனக்குப் பயந்துகொண்டு நான் ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன் என்பதையும் இப்போதே எழுதி வைக்கிறேன்.

பெட்டியைத் திருப்பிக் கேட்கவில்லை. சாமிக்குக் கொடுத்தது சாமியிடமே இருக்கட்டும். தகட்டைக் கழற்று என்றும் சொல்லவில்லை, அது உன் பாடு. நான் செய்தது ஒன்றுதான். கல்யாணப் பூசைக்கு வாசிக்க ஆள் இருக்கிறது, விழுப்புரத்திலிருந்து வரும் என்று சாமியாருக்கு ஒரு கார்டு எழுதினேன். யார் என்று எழுதவில்லை. சந்தோஷம், அனுப்பி வையுங்கள் என்று அவர் பதில் போட்டுவிட்டார். ஒரு நாள் முன்னதாகவே வந்து கோயிலில் உட்கார்ந்து பழகப் போகிறேன், அந்த நான்கு சுற்றும் எனக்கு வேண்டும். பூசையில் கோயில் பாட்டு எல்லாம் மரியாதையாக வாசிப்பேன், உன் மானத்துக்குப் பங்கம் வராது. எல்லாம் முடிந்து நீங்கள் இரண்டு பேரும் ரெஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜனங்கள் நடுவில் நடந்து வருகிறபோது அந்த மெட்டை வாசிப்பேன், ஒரு கையால்.

மாப்பிள்ளையின் அம்மா முதல் வரிசையில் இருக்க மாட்டாள். ஆளைக் காணோமே என்று தேடுவார்கள். பெட்டிக்குப் பின்னால் யார் என்று உன் மாமனார் உன்னைத்தான் கேட்பார். போர்டிங்கில் படித்தேன் என்றோ, மேபிள் அம்மா என்றோ, கட்டுப் போட்ட கை என்றோ நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இல்லை, அவருதான் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டேன், மூன்றாவது தரம் என் வாயில் வராது. நீ பதில் சொல்லும்வரை கட்டையிலிருந்து விரலை எடுக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா